பஞ்சைப் பார்த்து விதை எடுக்காதீர்கள்

செடி நிறையக் காய்த்திருக்கிறது, பஞ்சும் வெள்ளையாக, நீளமாக இருக்கிறது. அந்தக் கொட்டையையே அடுத்த பருவத்துக்கு எடுத்துவைத்தால் என்ன என்று தோன்றும். பருத்தியில் இந்தக் கணக்கு தப்பும். பஞ்சிழை ஒவ்வொன்றும் விதையுறையின் மேல்தோலில் உள்ள ஒரே ஒரு செல் நீண்டு வளர்ந்தது. விதையுறை தாய்ச்செடியின் உடம்பு. அதற்குள் இருக்கும் பருப்புதான் பிள்ளை. ஆக, பஞ்சின் தரம் தாயைப் பற்றித்தான் சொல்லும். தாய் வீரிய ஒட்டாக, அதாவது இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து உருவாக்கிய செடியாக இருந்தால், பிள்ளைகள் அதைப்போல் இருக்கவே இருக்காது.

வீரிய ஒட்டு விதை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். மறுநாள் காலை மலரவிருக்கும் மொட்டை முந்தின நாள் மாலை 3 மணியிலிருந்து 6 மணிக்குள் தேர்ந்தெடுப்பார்கள். பச்சை மடல்களுக்கு வெளியே இதழ் வெளிர்மஞ்சளாக நீட்டிக்கொண்டிருப்பதே அடையாளம். பெருவிரல் நகத்தை அடியில் செலுத்தி, இதழையும் மகரந்தத்தாள் குழலையும் ஒன்றாகத் திருகிக் கழற்ற வேண்டும். சூலகத்தின் மேலுள்ள வெள்ளைச் சவ்வில் நகம் பட்டால் காய் பிடிக்காது. ஒரு மகரந்தப்பை ஒட்டியிருந்தாலும் தன் மகரந்தமே விழுந்து, ஒட்டு விதையோடு சுயவிதை கலந்துவிடும். கழற்றியதும் சிவப்புத் தாள் பையால் மூடுவார்கள். பூச்சியைத் தடுக்கவும் உதவும், காலையில் தேடாமல் கண்டுபிடிக்கவும் உதவும். மறுநாள் காலை 9 மணிவாக்கில் ஆண் ரகத்தின் பூவைப் பறித்துச் சூல்முடியில் தடவ வேண்டும். ஓர் ஆண் பூ நாலைந்து பெண் பூவுக்குப் போதும். பிறகு காம்பில் நூல் கட்டி அடையாளம் வைப்பார்கள். பெண் செடியில் தானாகப் பிடித்த காய்களை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும். இந்த வேலை வாரக்கணக்கில் தினமும் நடக்கும். சூரத்தில் சி.டி. படேல் உருவாக்கி 1970-இல் வெளிவந்த எச்-4, தார்வாடில் கட்டார்கி உருவாக்கி 1972-இல் வந்த வரலட்சுமி ஆகிய வீரிய ஒட்டுப் பருத்திகளின் காலத்திலிருந்தே விதை விலையில் பெரும்பங்கு இந்தக் கைவேலைக்குத்தான்.

இப்படிப் பிறந்த விதையில் செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அவற்றின் கொட்டையில் இரண்டு பெற்றோரின் குணங்களும் சிதறிப் பிரியும். ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை. ஒன்று முன்னால் வெடிக்கும், ஒன்று பின்னால் வெடிக்கும். இழை நீளம் செடிக்குச் செடி மாறுவதால் நூற்பாலைக்குப் பிடிக்காத கலவைப் பஞ்சு கிடைக்கும். ஒட்டு வீரியத்திலும் ஏறத்தாழப் பாதி போய்விடும். ஹிர்சூட்டம், பார்படென்ஸ் என்ற இரண்டு பருத்தி இனங்களைச் சேர்த்த ஒட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டாம் தலைமுறையில் நோஞ்சான் செடிகளும், காய் பிடிக்காத செடிகளும் நிறைய வரும்.

பி.டி. பருத்தி என்பது, புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி. அதில் இழப்பு விளைச்சலோடு நிற்பதில்லை. இந்தியாவில் 2002-இல் ஒரு மரபணுவோடும், 2006-இல் கிரை1ஏசி, கிரை2ஏபி என்ற இரண்டு மரபணுக்களோடும் அனுமதி கிடைத்தது. பெற்றோரில் ஒன்றில் மட்டுமே மரபணுக்கள் இருந்தால், ஒட்டுச் செடியில் அவை ஒற்றைப் பிரதியாகத்தான் இருக்கும். அந்தச் செடி தன் மகரந்தத்தால் விளைவிக்கும் 16 விதைகளில் சராசரியாக 9-இல் இரண்டு நஞ்சும், 3-இல் முதல் நஞ்சு மட்டும், 3-இல் இரண்டாவது மட்டும் இருக்கும். ஒன்றில் எதுவுமே இருக்காது. ஒரு காயில் 30 கொட்டை என்றால் இரண்டு கொட்டை வெறும் கொட்டை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள் புகுந்து கொட்டையைத் தின்று வாழ்வது. நஞ்சில்லாத கொட்டையும் ஒற்றை நஞ்சுக் கொட்டையும் அருகருகே கிடைத்தால், கொஞ்சம் தாங்கும் திறன் உள்ள புழு பிழைத்துவிடும். கடையில் வாங்கிய விதையின் காயிலேயே இந்தப் பிரிவு நடக்கிறது. அந்தக் கொட்டையைத் திரும்ப விதைத்தால் வயலில் செடிகளே இப்படிப் பிரிந்து நிற்கும்; எதிர்ப்புத்திறன் உள்ள புழுவை நாமே பொறுக்கி வளர்த்த கதைதான். இரண்டு நஞ்சையும் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்திய வயல்களில் ஏற்கெனவே பரவிவிட்டது. நஞ்சைத் தாங்காத புழுக்களும் பிழைத்திருக்க இடம் தருவதற்காக முன்பு பொட்டலத்தோடு தனியாக வந்த பி.டி. அல்லாத அடைக்கல விதையைத் தூக்கிப் போட்டதும் இதே தவறின் இன்னொரு பக்கம்.

விதை எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒட்டல்லாத நேர் ரகத்தில் எடுங்கள். அங்கேயும் தேனீ ஒரு பிரச்சினை. பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்தில் காய்த்தாலும், தேனீ நடமாட்டம் மிகுந்த இடத்தில் அயல் மகரந்தம் கணிசமாகவே வரும். பக்கத்து வயலில் வேறு பருத்தி இருந்தால் ஓரத்து வரிசைகளை விட்டு நடுவயலில் மட்டும் எடுக்க வேண்டும். சிறிதளவு சுத்தமான மூலவிதை போதுமென்றால், மலர்வதற்கு முந்தின மாலை மொட்டின் நுனியை நூலால் கட்டிவிட்டால் பூ விரியாது, தேனீயும் நுழையாது. பூக்கும் காலத்தில் இலை, பூ, காய் ஆகியவற்றில் மாறுபட்ட செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். அறுவடையின்போது பார்த்தால் காலம் கடந்துவிடும். முதல் சில பறிப்புகளின் காய்களே விதைக்கு ஏற்றவை. கடைசிப் பறிப்பில் கொட்டை சிறுத்திருக்கும், புழுவும் கூடுதல். இவ்வளவு கவனமாகப் பறித்துவிட்டு, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் அரைவை ஆலையில் கோட்டை விடுபவர்களும் உண்டு. முன்பு அரைத்த பருத்தியின் கொட்டை எந்திரத்தில் தங்கியிருக்கும். எனவே உங்கள் பருத்தியில் முதலில் விழும் கொட்டையை விதைக்கு எடுக்காதீர்கள்.

கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சை நீக்க, நன்கு காய்ந்த விதை 1 கிலோவுக்கு அடர் கந்தக அமிலம் 100 மி.லி. பிளாஸ்டிக் வாளியில் மரக்குச்சியால் 2 முதல் 3 நிமிடம் கிளற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். விதை காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் நிறைய தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டி, நாலைந்து முறை அலச வேண்டும். ஈரமான விதையில் அமிலத்தை ஊற்றினால் சூடேறி முளை வெந்துபோகும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தாலும் அதே கதி. அலசும்போது மிதப்பவை பொக்கு, அவற்றை வடித்துவிட்டு மற்றவற்றை நிழலில் உலர்த்தலாம். பிறகு 100 விதையை ஈரமணலில் போட்டு 12-ஆம் நாள் எண்ணுங்கள். 65-க்குக் குறைவாக முளைத்திருந்தால் அந்தக் குவியல் விதைக்கு ஆகாது.

அமிலத்தில் போடும் முன்பே ஒரு முறை கொட்டைகளைப் பரப்பிப் பாருங்கள். இரண்டு கொட்டை ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்திருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு இரண்டையும் துளைத்து இணைத்து, நடுவில் சுருண்டு மாதக்கணக்கில் உறங்கும் இடம் அது. சேமித்த கொட்டையிலிருந்து புறப்படும் அந்துப்பூச்சிதான் அடுத்த பயிரின் மொட்டைத் தேடி வரும். அத்தகைய கொட்டைகளைத் தரையில் உதறிவிடாமல் எரித்துவிடுங்கள்.