டாக்சிக்: வில்லிலிருந்து வந்த சொல்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், ஏதேனும் ஓர் அலுவலக வளாகத்தின் வெளியே கால் மணி நேரம் நின்று தேநீர் குடித்தால் ‘டாக்சிக்’ என்ற சொல் காதில் விழாமல் போகாது. ‘மேனேஜர் டாக்சிக்’, ‘டீமே டாக்சிக்’, ‘மேலிடம் முழுக்க டாக்சிக், அதான் பேப்பர் போட்டுட்டேன்’ என்று ஒரே சொல் ஆளுக்கும் குழுவுக்கும் நிறுவனத்துக்குமாகப் புழங்குகிறது. விடுப்பு தராதவரும் டாக்சிக், ஊழியரைத் தூக்கமிழக்க வைத்தவரும் டாக்சிக் என்றாகிவிட்ட நிலையில், இச்சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு நேரான தமிழ்ச்சொல் எது என்று பார்ப்பது தேவையாகிறது.

கிரேக்க மொழியில் ‘டாக்ஸான்’ என்றால் வில். அம்பு முனையில் தடவும் நஞ்சை அம்மொழியினர் ‘டாக்ஸிகான் ஃபார்மகான்’, அதாவது ‘வில்லுக்குரிய மருந்து’ என்றனர். ‘ஃபார்மகான்’ என்பது நோய் தீர்ப்பதையும் உயிர் எடுப்பதையும் ஒருங்கே குறித்த சொல்; எலி மருந்து, பூச்சி மருந்து என்று சொல்லும் நமக்கும், ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றால் பதறி ஓடும் நம் ஊர்களுக்கும் இது புதிதல்ல. இலத்தீன் இத்தொடரை எடுத்துக்கொண்டபோது மருந்தை விட்டுவிட்டு வில்லை மட்டும் வைத்துக்கொண்டது. நஞ்சைக் குறித்த பாதி உதிர்ந்துபோக, வில்லைக் குறித்த பாதியே நஞ்சு என்னும் பொருளைச் சுமக்கத் தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல் நெடுங்காலம் பெரும்பாலும் நஞ்சுள்ள பொருள்களையே சுட்டியது.

தலைமையோடு இச்சொல்லை இணைத்தவர்களில் முன்னோடியாக, 1996-இல் இதைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் மார்சியா விக்கரைக் குறிப்பிடுவர். அமெரிக்கத் தரைப்படை 2012-இல் வெளியிட்ட தலைமைக் கோட்பாட்டு ஏட்டில் ‘டாக்சிக் லீடர்ஷிப்’ என்ற தொடருக்கு இடம் தந்து, தன்னலத்தையே மையமாகக் கொண்ட மனப்பாங்கும் நோக்கமும் நடத்தையும் சேர்ந்து கீழே பணிபுரிவோரையும் அமைப்பையும் எடுத்த பணியையும் கெடுப்பது என்ற பொருளில் விளக்கியது. அதே ஏட்டின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் அத்தொடரின் இடத்தை ‘எதிர்விளைவுத் தலைமை’ என்று தமிழாக்கத்தக்க வேறொரு தொடர் பிடித்துக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் சொல் பொதுமக்கள் வாய்க்குப் போய்விட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் 2018-ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது இதைத்தான்.

தமிழில் இதற்கு நேரானது ‘நச்சு’. நஞ்சு என்னும் பெயர்ச்சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது மெல்லினம் வல்லினமாகி நச்சு என்றாகும். மருந்து ‘மருத்துப்பை’ ஆவதும் இரும்பு ‘இருப்புப்பாதை’ ஆவதும் இதே முறைதான். ஆகவே நச்சுத் தலைமை, நச்சுப் பணிச்சூழல் என ஒற்று மிகுத்து எழுத வேண்டும். செய்தித்தாள்களில் காணப்படும் ‘நச்சு கலாச்சாரம்’ கண்ணை உறுத்துகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழந்தமிழில் ‘நச்சுதல்’ என்றால் விரும்புதல். உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் பெயருக்கு ‘விரும்பியவர்க்கு இனியவர்’ என்பது பொருளேயன்றி நஞ்சோடு அதற்கு உறவில்லை. இந்த இரண்டு நச்சையும் ஒரே குறளில் மோதவிட்டவர் வள்ளுவர்: ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.’ யாராலும் விரும்பப்படாதவனுடைய செல்வம், ஊர் நடுவே நச்சு மரம் பழுத்து நிற்பதைப் போன்றது என்கிறார். ஈயாத செல்வனைப் பற்றிய குறள்தான் இது. ஆனாலும் எல்லோரும் கடந்து செல்லும் இடத்தில், கண்ணுக்கு அழகாகப் பழுத்து நிற்கும் நச்சு மரம் என்ற படிமம், நல்ல சம்பளமும் பளபளக்கும் கட்டடமும் உடைய சில அலுவலகங்களுக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மேலாளர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் பணிப்பட்டியலைத் திரையில் திறந்து, யாராவது ஒருவருடைய பெயரின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடிப்பார். பதினான்கு பேரும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு, ‘சரி, அடுத்தது’ என்று நகர்ந்துவிடுவார். அன்று மதியம் அந்த ஊழியரோடு சாப்பிட யாரும் உட்கார மாட்டார்கள், நானும் உட்கார்ந்ததில்லை. ஒருவர் செய்ததை மற்றப் பதின்மூன்று பேர் தொடர்ந்து செய்து முடிப்பது என்பதாலேயே இதற்கு நச்சு என்ற சொல் பொருந்துகிறது. அது ஓரிடத்தில் புகுந்து உடல் முழுவதும் ஏறுவது. கண்டிப்பான மேலாளரையோ சிடுமூஞ்சியையோ இச்சொல்லால் குறிப்பது தவறு. அவர்களுடைய கோபம் வேலையோடு தொடங்கி வேலையோடு முடிந்துவிடும்.

இருந்தாலும் நச்சு என்ற சொல்லில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘சூழல் நச்சுத்தன்மை அடைந்துவிட்டது’ என்று எழுதும்போது, ஏதோ காற்று தானாகக் கெட்டதைப் போல, செய்தவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார். தமிழின் இன்னொரு பழைய சொல்லான ‘கொடுங்கோன்மை’ அப்படி நழுவ விடாது. கோல் என்றால் அதைப் பிடித்த கை ஒன்று இருந்தாக வேண்டும். கொடுங்கோல் என்பது வளைந்த கோல். அதே ‘கொடு’ என்னும் அடையோடு ‘கொடுமரம்’ என்று சங்கப் பாடல்கள் சொல்வது வில்லைத்தான். கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒன்றையொன்று அறியாமலே வளைந்த மரத்தருகே வந்து நிற்கின்றன.

சட்டங்களும் செய்தவரைச் சுட்டும் சொல்லையே தேடியிருக்கின்றன. ஜப்பானியர் ‘பவா-ஹரா’ என்று சுருக்கி அழைக்கும் அதிகாரத் துன்புறுத்தல், அந்நாட்டுப் பெரிய நிறுவனங்களுக்கு 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, மேல்நிலையைப் பயன்படுத்திச் செய்வதாகவும், வேலைக்குத் தேவையான அளவைத் தாண்டியதாகவும், பணிச்சூழலைக் கெடுப்பதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் படித்தபோது, திருக்குறளின் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தில் வரும் ‘கடுமொழியும் கையிகந்த தண்டமும்’ நினைவுக்கு வந்தது. கையிகந்தது என்றால் அளவு கடந்தது.

பிரான்சில் இது குற்றவியல் வழக்காகவே ஆனது. பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டபோது, அதன் ஊழியர்களில் பெரும்பாலோர் எளிதில் பணிநீக்கம் செய்ய முடியாத அரசு ஊழியர் தகுதி பெற்றவர்கள். அதனால் அவர்களாகவே வெளியேறும்படி இடமாற்றங்களும் தகுதிக்குக் கீழான வேலைகளும் தரப்பட்டன. தலைவர் திதியே லொம்பார், எப்படியாவது, ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ அவர்களை வெளியேற்றுவேன் என்று 2006-இல் மேலாளர்களிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. வழக்கில் ஆராயப்பட்ட 39 ஊழியர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அவரையும் வேறு அதிகாரிகளையும் ‘நிறுவன வழி மனத்துன்புறுத்தல்’ என்ற குற்றத்தின்கீழ்த் தண்டித்தது. 2025 ஜனவரியில் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் அக்குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் மேலிடத்தில் இருப்பவர் நேரில் அறிந்திருக்க வேண்டியதில்லை, வகுத்த கொள்கையே துன்புறுத்தலாகலாம் என்பது அந்தத் தொடருக்குள் அடங்கியிருக்கும் பொருள். அம்பு எய்தவர் அருகில் நின்றிருக்க வேண்டும் என்று கேட்பது எப்படிப் பொருந்தும்?

எனவே பரவிக் கிடக்கும் நிலையைச் சொல்லும்போது ‘நச்சுப் பணிச்சூழல்’ என்றும், அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்தவரைச் சுட்டும்போது ‘கொடுங்கோன்மை’ என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. இரண்டாவது சொல் மன்னர்களுக்கே உரியது, ஒரு டீம் லீடருக்கு மிகையல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஊதிய உயர்வு, விடுப்பு, ரிலீவிங் லெட்டர் மூன்றும் ஒருவர் கையில் இருக்கும்போது அது எனக்கு மிகையாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த வேலையை விட்டபோது மனிதவளத் துறை தந்த படிவத்தில், ‘விலகுவதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் நான் இவ்விரண்டு சொற்களில் எதையும் எழுதவில்லை. ‘சொந்தக் காரணங்கள்’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.