செயலிக்கான கூடுதல் மின்செருகி: ஒரு சொல் விளக்கம்

கணினித் தாய்ப்பலகையின் (மதர்போர்டு) மேல் மூலையில், கணினியின் மூளையான செயலிக்கு (சிபியு) பக்கத்தில், எட்டுத் துளைகளோடு ஒரு செருகுவாய் இருக்கும். விலை கூடிய பலகைகளில் அதை ஒட்டியே நான்கு துளையிலோ எட்டுத் துளையிலோ இன்னொன்றும் இருக்கும். ‘ஆக்சிலரி சிபியு பவர் கனெக்டர்’ என்ற ஆங்கிலத் தொடரைப் பெயர்த்து, இந்த இரண்டாவதைத் தமிழில் விளக்குபவர்கள் ‘துணைச் செயலி மின் இணைப்பி’ என்கிறார்கள். எங்கோ ஒருமுறை கேட்டதென்றால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. இப்படியே போனால் இதுதான் கலைச்சொல் என்று நிலைத்துவிடும்.

துணைச் செயலி என்பது வேறொரு பொருளின் பெயர். முதன்மைச் செயலியோடு சேர்ந்து குறிப்பிட்ட ஒரு வேலையை மட்டும் செய்யும் தனிச் சில்லு அது. இன்டெல் 1980இல் கொண்டுவந்த 8087 அப்படிப்பட்டது. தசம எண் கணக்குகளை 8086, 8088 செயலிகளுக்காகப் போட்டுத் தந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் பலகையில் அதற்கென்றே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ‘துணைச் செயலி மின் இணைப்பி’ என்று படிப்பவர், அந்த மாதிரிச் சில்லுக்கு மின்சாரம் தரும் இணைப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் மேல் தவறில்லை. தமிழில் அடைமொழி தனக்கு அடுத்து நிற்கும் சொல்லைத்தான் முதலில் பற்றும். ‘துணை ஆட்சியர் அலுவலகம்’ என்றால் துணை ஆட்சியரின் அலுவலகம். ஆட்சியருக்கு இருக்கும் இரண்டாவது அலுவலகம் என்று யாரும் படிப்பதில்லை.

சரி, ‘துணை’யை எடுத்துவிட்டுக் ‘கூடுதல்’ போட்டால் தீருமா? தீராது. ‘கூடுதல் செயலி மின் இணைப்பி’ என்பதிலும் கூடுதலாக இருப்பது செயலிதான். கூடுதல் ஆட்சியர் என்று ஒரு பதவியே இருக்கிறதே! சிலர் ‘உபரி’ என்றும் எழுதுகிறார்கள். உபரி என்றால் தேவைக்குப் போக மிஞ்சியது, அணை நிரம்பியதும் திறந்துவிடும் உபரிநீர் போல. பலகையில் இருப்பது மிஞ்சிப்போன பொருள் அல்ல. அதிகம் மின்சாரம் கேட்கும் ஆளுக்காகத் திட்டமிட்டு வைத்தது.

குழப்பம் சொல்லோடு நிற்கவில்லை, பொருளுக்குள்ளும் போகிறது. பலகையின் அமைப்பையும் மின் இணைப்பையும் வகுத்து 1995இல் வந்த ஏடிஎக்ஸ் முறையில் பலகைக்கு 20 முனைகள் கொண்ட ஒரே பெரிய செருகிதான். செயலியும் அதன் 3.3, 5 வோல்ட் கம்பிகளிலிருந்தே பிழைத்தது. 2000இல் இன்டெல்லின் பென்டியம் 4 செயலி வந்தபோது அது போதவில்லை. 60 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 12 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் அனுப்பினால் 5 ஆம்பியர் போதும், கம்பியும் முனையும் சூடாகாது. அதனால் செயலிக்கென்று தனியாக நான்கு முனைகள் கொண்ட 12 வோல்ட் செருகி வந்தது. அதைச் செயலி கேட்கும் சிறிய அழுத்தத்துக்கு இறக்குவது பலகையில் இருக்கும் மின்னழுத்தச் சீராக்கியின் வேலை. பிறகு சர்வர்களுக்காக வகுத்த இபிஎஸ் முறையின் எட்டு முனைச் செருகி வீட்டுக் கணினிக்கும் வந்தது.

ஆக, அன்றைக்குக் ‘கூடுதல்’ என்று வந்தது இன்றைக்குக் கட்டாயம். அதைச் செருகாவிட்டால் கணினி எழும்பாது. இப்போது கூடுதல் என்று சொல்லத் தக்கது அதற்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது மட்டுமே. இரண்டையும் ஒரே பெயரால் சொல்லும் விளக்கத்தைப் படித்துவிட்டு, இரண்டாவதுக்குக் கம்பி இல்லையே என்று புதிய மின்வழங்கி (எஸ்எம்பிஎஸ்) வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. எட்டு முனையில் நான்கு 12 வோல்ட் முனைகள். முனைக்கு 7 ஆம்பியர் என்று வைத்தாலே 336 வாட் வருகிறது. இன்டெல் கோர் ஐ9-13900கே செயலிக்கு இன்டெல் சொல்லும் உச்ச அளவே 253 வாட்தான். செயலியை வரம்பு மீறிய வேகத்தில் ஓட்டுபவருக்குத்தான், அதாவது ஓவர்கிளாக் செய்பவருக்குத்தான், இரண்டாவது வேண்டும்.

‘கனெக்டர்’ லத்தீனில் ‘சேர்த்துக் கட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘இணைப்பி’, ‘இணைப்பான்’ இரண்டும் அதன் நேர் பெயர்ப்பு, பிழையில்லை. ஆனால் கம்பியின் முனையையும் பலகையில் இருக்கும் வாயையும் ஒன்றாக்கிவிடுகின்றன. பூவைக் கொண்டையில் செருகுகிறோம், அரிவாளை இடுப்பில் செருகுகிறோம். கை செய்யும் வேலையே சொல்லில் இருக்கிறது. கம்பியில் இருப்பது செருகி, பலகையில் இருப்பது செருகுவாய். ‘பவர்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் திறன் என்றும் இலங்கையில் வலு என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. பேச்சில் சக்தி என்கிறோம். இந்தச் சொல்லுக்குள் அந்த வழக்கைக் கொண்டுவரவே வேண்டாம், ‘மின்’ என்ற முன்னொட்டு போதும். வேற்றுமையைத் தெளிவாகக் காட்டிச் ‘செயலிக்கான’ என்று முன்னால் வைத்தால் எல்லாம் சரியாகிறது: செயலிக்கான மின்செருகி, செயலிக்கான கூடுதல் மின்செருகி. பலகையில் இருப்பதைச் சொல்லும்போது மின்செருகுவாய்.

செயலி என்ற சொல்லையே இன்று பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது தனி வருத்தம். செய்தித்தாளைத் திறந்தால் கைப்பேசியில் நிறுவும் ஆப் எல்லாம் செயலி. புழக்கத்தில் இருந்த பெயரைப் பார்க்காமல் மொழிபெயர்த்ததன் விளைவு. அதற்குக் குறுஞ்செயலி என்று சொல்பவர்களை நான் ஆதரிக்கிறேன். மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத் தொடரின் வரிசையை அப்படியே வைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உருபு என்று ஒன்று எதற்கு இருக்கிறது? ‘கு’ ஒன்றைச் சேர்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

பேச்சு வழக்கும் உதவவில்லை. தமிழ்நாட்டில் பலர் பெட்டி முழுவதையும் சிபியு என்கிறார்கள். ‘சிபியு பவர் கேபிள்’ கேட்டால் சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பியை நீட்டுவார்கள். ‘எட்டு பின்’ என்று கேட்டால் கிராஃபிக்ஸ் அட்டைக்கானதும் வரலாம். அதுவும் எட்டு முனைதான், ஆனால் அதில் 12 வோல்ட் மூன்று, தரை (கிரவுண்ட்) ஐந்து; செயலிச் செருகியில் நான்கும் நான்கும், அதுவும் இடம் மாறி. மாறிப் போகாதிருக்க முனைகளின் வடிவத்தை வேறாக வைத்திருக்கிறார்கள், இருந்தும் அழுத்திச் செருகினால் குறுக்குச்சுற்று ஏற்படும். ஆகவே எண்ணிக்கையைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ‘செயலிக்கான’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது.