சொல் விளக்கம்: திட்ட விலக்கம்

ஒரு தொகுப்பிலுள்ள எண்கள் அவற்றின் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று காட்டும் அளவே திட்ட விலக்கம். ஆங்கிலத்தில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன். அச்சொல்லை 1890களில் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் ஆக்கினார். சிக்மா என்ற கிரேக்க எழுத்தை அதற்குக் குறியாக்கியவரும் அவரே. அதற்கு முன் ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ் முதலியோர் இதையொத்த அளவைப் 'பிழை' என்றே வழங்கினர். இலக்கியம், வரலாறு படித்துவிட்டு, எண்களைக் கொண்டு செய்யும் அளவையாய்வுக்கு வரும் முதுகலை மாணவருக்கு இந்தப் பெயர்மாற்றத்தைச் சொல்லியே பாடத்தைத் தொடங்கலாம். ஓர் எழுத்தாளர் நீண்ட வாக்கியம் எழுதுவது பிழையன்று, வேறுபாடு.

'திட்டம்' என்றதும் ஐந்தாண்டுத் திட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது அந்தப் பொருளில் வரவில்லை. 'திட்டமாகச் சொல்', 'திட்டவட்டம்' என்பவற்றில் உள்ள வரையறுத்த, சரியான என்ற பொருளே இது. 'விலக்கம்' என்றால் விலக்குவது, ஆகவே 'விலகல்'தான் சரி என்பார் உண்டு. பழகு பழக்கமாவதுபோல, பெருகு பெருக்கமாவதுபோல, விலகு விலக்கமாகும்; சொல்லில் குறையில்லை. இணையத்தில் காணும் 'தர விலகல்' வேண்டாம். தரம் உயர்வு தாழ்வை நினைவூட்டிவிடும்.

இலங்கைப் பாடநூல்களில் இதுவே நியம விலகல். அங்கே சராசரிக்கு 'இடை' என்றும், தமிழ்நாட்டின் 'இடைநிலை அளவு'க்கு, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதற்கு, 'இடையம்' என்றும் பெயர். இரு நாட்டு நூல்களையும் கலந்து படிப்பவர் 'இடை'யை இடைநிலை அளவாகக் கொண்டால் கணக்கே மாறிவிடும்.

மென்பொருளைத் திறக்குமுன் ஐந்து வாக்கியங்களைக் கையால் எண்ணச் சொல்லுங்கள். முதல் உரைநடைப் பகுதியின் வாக்கியங்களில் 10, 11, 12, 13, 14 சொற்கள். இரண்டாவதில் 3, 5, 8, 12, 32. இரண்டுக்கும் சராசரி 12. நடையோ ஒன்றல்ல. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 12ஐக் கழித்துக் கூட்டினால் எப்போதும் சுழிதான் வரும். மாணவர் இங்கேதான் திகைப்பர். கூட்டல் கழித்தல் குறிகள் ஒன்றையொன்று அழிப்பதால்தான் வர்க்கப்படுத்துகிறோம். வர்க்கங்களின் கூடுதல் முதலாவதில் 10, இரண்டாவதில் 546. அதை 4ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.58, 11.68. வர்க்கமூலம் எடுப்பதால் விடை மறுபடி 'சொற்கள்' என்ற அலகுக்கே திரும்புகிறது.

ஐந்து எண்கள் இருக்க 4ஆல் ஏன் வகுத்தோம்? அவ்வைந்தும் பெரிய நூலொன்றின் மாதிரி. மாதிரியின் சராசரியிலிருந்தே விலக்கத்தை அளப்பதால் பரவல் சற்றுக் குறைந்து தெரியும். அதை ஈடுகட்டவே ஒன்றைக் குறைக்கிறோம். அந்த ஐந்து வாக்கியங்களே முழு நூலாக இருந்தால் 5ஆல் வகுக்கலாம். எக்செல்லில் 'எஸ்' என்று முடியும் திட்ட விலக்கச் செயற்கூறு மாதிரிக்கு, 'பி' என்று முடிவது முழுத்தொகைக்கு, அதாவது எதையும் விடாமல் எண்ணிய முழுத் தரவுக்கு. புள்ளியியல் மென்பொருள்களான ஆர் மொழியும் எஸ்பிஎஸ்எஸ்ஸும் கேளாமலே ஒன்றைக் குறைத்துவிடும். ஒரே தரவுக்கு இரு மாணவரிடம் இரு விடை வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சராசரியைச் சுற்றி ஒரு திட்ட விலக்கத்துக்குள் ஏறத்தாழ 68 விழுக்காடு அடங்கும் என்பது, சராசரியின் இரு பக்கமும் மணி வடிவில் ஒத்துச் சரியும் இயல்நிலைப் பரவலுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் பகுதியில் 12இலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே போனால் குறை எண் வருகிறது. அப்படியொரு வாக்கியம் இருக்க முடியாது. 32 சொல் வாக்கியம் ஒன்றே பரவலைச் சாய்த்துவிட்டது. இத்தகைய தரவுக்கு இடைநிலை அளவான 8ஐயும், வரிசைப்படுத்திய தரவை நான்கு சம பங்காகப் பிரிக்கும் கால்மானங்களையும் சேர்த்துத் தருவதே நேர்மை.

ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணும் தவறு இன்னொன்று: நாவலுக்கு 1, சிறுகதைக்கு 2, கவிதைக்கு 3 என்று குறியீடு இட்டு, அந்தக் குறியீடுகளுக்கே திட்ட விலக்கம் காண்பது. மென்பொருள் மறுக்காமல் விடை தரும். ஆனால் அவை பெயருக்கு நிற்கும் எண்கள்; அங்கே எண்ணிக்கையும் விழுக்காடும் போதும்.