சர்ச்சிலின் குரலும் இரைச்சல் தட்டும்

அந்தக் காலத்துப் போர்களில் தலைவர்கள் போனில் பேசியதை எதிரி ஒட்டுக்கேட்கவில்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டுக்கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஜூலை 29 அன்று, பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் இத்தாலியைப் பற்றிப் பேசியது ஜெர்மானியர்களின் காதில் விழுந்தது. இருவரும் நம்பியிருந்த ஏ-3 கருவி, குரலின் அதிர்வெண்களைத் துண்டுபோட்டு இடம் மாற்றி அனுப்பும், அவ்வளவுதான். சீட்டுக்கட்டை எவ்வளவு கலைத்தாலும் சீட்டுகள் அதேதானே?

சரியான கருவி அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வேலையைத் தொடங்கியிருந்தது. பெயர் சிக்சாலி. அமெரிக்காவின் பெல் ஆய்வகம் செய்தது, எடை 50 டன்னுக்கு மேல். ஒரு முனை பென்டகனில், மறுமுனை லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் நிலவறையில்.

முதலில் அதிலுள்ள வோகோடர் என்ற பகுதி குரலை எண்களாக்கும். பத்து அதிர்வெண் பட்டைகளில் ஒலி எவ்வளவு, சுருதி என்ன என்று விநாடிக்கு 50 முறை அளக்கும். ஒவ்வொரு பட்டையின் அளவும் 0 முதல் 5 வரை ஓர் எண்; சுருதிக்கு மட்டும் அப்படி இரண்டு எண்கள். குறுகிய கம்பியில் பேச்சை அனுப்ப முடியுமா என்ற ஆர்வத்தில், போருக்கு முன்பே பெல் ஆய்வகப் பொறியாளர் ஹோமர் டட்லி உருவாக்கியது இந்த வோகோடர். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு ஆய்வுக்குப் பணம் மறுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாதரச ஆவிக் குழாய் எழுப்பும் ஒழுங்கே இல்லாத இரைச்சலையும் 0 முதல் 5 வரை எண்களாக்கி இசைத்தட்டில் பதிந்து, ஒரு நகலை இங்கேயும் இன்னொன்றை அங்கேயும் வைத்துக்கொள்வார்கள். குரலின் எண் 4, அந்த நொடியில் தட்டின் எண் 5 என்றால் கூட்டுத்தொகை 9. ஆறோ அதற்கு மேலோ வந்தால் ஆறைக் கழிக்க வேண்டும்: 3. பத்து மணியோடு ஐந்து மணி நேரம் சேர்த்தால் கடிகாரம் மூன்று காட்டுகிறதே, அதே கணக்கு. காற்றில் போவது 3 மட்டும்தான். அதற்குப் பின்னால் இருப்பது 0 முதல் 5 வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். எதிரி எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் 3-உடன் ஆறைக் கூட்டி ஐந்தைக் கழித்தால், மறுபடி 4!

ஆனால் கடலின் இரு பக்கமும் தட்டுகள் இம்மி பிசகாமல் ஒன்றாகச் சுழல வேண்டும். படிகக் கடிகாரங்கள் வேகத்தைப் பிடித்து வைத்தன. ஒரு தட்டு 12 நிமிடம் ஓடும். முடிவதற்குள் அடுத்தது தயாராக வேண்டும். அதே இரைச்சலில் இரண்டு பேச்சுகள் போனால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து எதிரி இரைச்சலையே நீக்கிவிடுவான். அதனால் ஓடி முடிந்த தட்டுகளை அழித்துவிடுவார்கள். இந்த விவரமெல்லாம் 1976-இல்தான் வெளியே வந்தது.