பியூசெடானம்: பன்றிச்சோம்பா, பேய்ச்சோம்பா?

ஆங்கிலத்தில் ஒரு செடிக்கு 'ஹாக்ஸ் ஃபெனல்' என்று பெயர். பிரிட்டனில் தென்கிழக்குக் கடலோரத்தில் சில இடங்களில் மட்டும் காணப்படும் அரிய காட்டுச்செடி அது. கேரட், கொத்தமல்லி, சீரகம், பெருங்காயம் எல்லாம் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம். ஒரு மொழிபெயர்ப்பைப் பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தச் செடி அதில் 'பன்றியின் சோம்பு' என்று வந்திருந்தது. பன்றி தின்னும் சோம்பா, பன்றி வாடை அடிக்கும் சோம்பா என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். மொழிபெயர்த்தவர்மேல் தப்பில்லை, சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பெயர் மனதில் ஒட்டவில்லை. இதைவிடப் பொருத்தமான பெயருக்குத் தமிழில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அது எது என்று சொல்வதற்கு முன் செடியின் அறிவியல் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

பியூசெடானம் அஃபிசினாலே. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினத்தைக் குறிக்கும் அடைமொழி. இந்த அடைமொழியைப் பல மூலிகைகளின் பெயரில் பார்க்கலாம். லத்தீனில் 'அஃபிசினா' என்றால் பணிக்கூடம். பிற்காலத்தில் மடாலயங்களில் மருந்துச் சரக்கு வைத்திருந்த அறைக்கும் அதுவே பெயர். ஆக, 'அஃபிசினாலே' என்றால் மருந்துச் சரக்காக இருந்தது என்று பொருள். அவ்வளவுதான்.

முதல் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அது லின்னேயஸ் புதிதாக உண்டாக்கிய சொல் அல்ல. கிரேக்கர்கள் இந்த வகைச் செடியை 'பெயுகெடனோன்' என்றார்கள். பொது ஆண்டுக்கு முன் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, செடிகளைப் பற்றி நூல் எழுதிய தியோபிராஸ்டஸிடமே இந்தப் பெயர் இருக்கிறது. இதன் வேரைப் பற்றி இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். ஒன்று, 'பெயுகே' என்றால் பைன் மரம். செடியின் வேரைக் கீறினால் வரும் பிசின், பைன் பிசின்போல மணப்பதால் வந்த பெயர். இன்னொன்று, 'பெயுகெடனோஸ்' என்றால் கசப்பான, சுரீரென்று உறைக்கிற என்று பொருள். ஹோமர் போரைச் சொல்லும்போது இந்த அடையைப் போடுகிறார், கசப்பான போர் என்று. இரண்டில் எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை என்பது என் எண்ணம். இரண்டு சொல்லுக்கும் அடியில் கூர்மை, குத்துதல் என்ற ஒரே வேர்தான் இருக்கிறது என்பார்கள். பைன் மரத்தின் ஊசியிலை கண்ணுக்குக் கூர்மை, கசப்பு நாக்குக்குக் கூர்மை.

இந்தக் காரம் பெயரோடு நிற்கவில்லை. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸ் இந்தச் செடியின் வேரைக் கீறிப் பால் எடுக்கும் முறையைச் சொல்கிறார். அப்படி எடுப்பவர்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும், அதனால் முன்னதாகவே தலையிலும் மூக்கிலும் ரோஜா எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். வேரின் நெடி அப்படி. ஆங்கிலத்தில் இதற்கு 'சல்ஃபர்வோர்ட்', அதாவது கந்தகப் பூண்டு என்று இன்னொரு பெயரும், ஜெர்மன் மொழியில் கந்தகவேர் என்று பொருள்படும் ஒரு பெயரும் உண்டு. ஜெர்மன்காரர்கள் பேரினம் முழுவதற்கும் வைத்த பெயர் இன்னும் நுணுக்கமானது: 'ஹார்ஸ்ட்ராங்', மயிர்ப்புரி. காய்ந்துபோன இலைக்காம்புகள் நாராகக் கிழிந்து, தண்டின் அடியில் குடுமிபோல நிற்கும். அதைக் குனிந்து பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க முடியும்.

சரி, செடி எப்படி இருக்கும்? நல்ல இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே, 2 மீட்டர் வரை வளரும். இலை மூன்று மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி மூன்றாகப் பிரிந்து, கடைசியில் நீள நீளமான பச்சை நாடாக்களாக முடியும். தூரத்திலிருந்து பார்த்தால் சோம்புச் செடியின் சாயல். கோடையின் பிற்பகுதியில் மஞ்சள் பூ. பூக்கள் இருக்கும் அமைப்பைத் தாவரவியலில் 'அம்பெல்' என்பார்கள். லத்தீனில் 'அம்ப்ரா' என்றால் நிழல், 'அம்பெல்லா' என்றால் சின்ன நிழல், அதாவது வெயிலுக்குப் பிடிக்கும் குடை. தமிழ்ப் பாடநூல்கள் இதைக் குடைமஞ்சரி என்று சொல்வது மிகச் சரியான பெயர். தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள்போலக் காம்புகள் விரிகின்றன. இந்தச் செடியில் ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் மறுபடி ஒரு குட்டிக் குடை விரியும், அதனால் கூட்டுக் குடைமஞ்சரி. மஞ்சரி வடசொல் என்று நினைப்பவர்கள் குடைத்துணர் என்று எழுதலாம். துணர் என்றால் பூங்கொத்து, பழைய சொல், நல்ல சொல்.

குடும்பத்தின் பழைய பெயரே 'அம்பெல்லிஃபெரே', குடை தாங்கிகள். இப்போது 'ஏப்பியேசியே' என்பதே அதிகம் புழங்குகிறது. ஆனால் பெயரிடல் விதிகள் பழைய பெயரையும் ஏற்றுக்கொள்கின்றன. இப்படிப் பழைய பெயரையும் வைத்துக்கொள்ள விதி இடம் தரும் சில குடும்பங்களில் இதுவும் ஒன்று. அந்த மரியாதை இந்தக் குடும்பத்துக்குத் தகும். 1672-இல் தாவரவியலாளர் ராபர்ட் மோரிசன் இதைப் பற்றித் தனி நூல் எழுதினார்; ஒரே ஒரு தாவரக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு முறையாக எழுதப்பட்ட முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்றைக்குக் குடும்பத்தில் 3,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. பூவெல்லாம் ஒரே சாயல் என்பதால் இவற்றைப் பிரித்தறியக் காயைத்தான் நம்ப வேண்டும்.

காயைப் புரிந்துகொள்ள ஒரு சோம்பையும் ஒரு சதகுப்பையையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் விதை என்று சொல்வது உண்மையில் பாதிக் காய். காய் முற்றியதும் நடுவே இரண்டாகப் பிளந்து, மெல்லிய காம்பில் இரண்டு பாதிகளும் தொங்கும். சோம்பின் பாதி திரண்டு உருண்டிருக்கும், முதுகில் ஐந்து வரப்பு தெளிவாகத் தெரியும். வரப்புகளுக்கு நடுவே எண்ணெய்க் குழாய்கள் ஓடுகின்றன, மணமெல்லாம் அங்கேதான். சதகுப்பை அப்படி இல்லை. முதுகுப் பக்கம் தட்டையாக அமுங்கி, இரண்டு ஓர வரப்பும் மெல்லிய இறக்கையாக அகன்றிருக்கும். பியூசெடானத்தின் காயும் இந்தச் சதகுப்பை மாதிரிதான்.

பிரச்சினை தொடங்கியது இந்த ஒற்றுமையில்தான். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் தாவரவியலாளர்கள் பெந்தமும் ஹூக்கரும் தட்டைக்காயும் ஓர இறக்கையும் உள்ள பலவற்றை ஒரே பேரினத்துக்குள் சேர்த்தார்கள். லின்னேயஸ் 'அனீத்தம்' என்று தனியே வைத்திருந்த சதகுப்பையும் உள்ளே வந்துவிட்டது. அதனால்தான் பழைய இந்திய மருந்துத் தாவர நூல்களில் சதகுப்பைக்கு 'பியூசெடானம் கிரேவியோலன்ஸ்' என்ற பெயரைப் பார்க்கிறோம். இன்றைக்கு அது மறுபடி அனீத்தம் ஆகிவிட்டது. பழைய நூலையும் புதிய நூலையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதை இரண்டு செடி என்று எண்ணிவிடக் கூடாது.

அப்புறம் டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தன. தட்டையான இறக்கைக்காய் காற்றில் பறந்து பரவ உதவும் அமைப்பு. அதனால் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத கிளைகளில் அது தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது என்று தெரிந்தது. வௌவாலுக்கும் பறவைக்கும் இறக்கை இருப்பதுபோல. நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களோடு பெருத்திருந்த பியூசெடானம் அதிலிருந்து உடைந்துகொண்டே வருகிறது. ஆப்பிரிக்கச் செடிகள் பலவும் 'நோட்டோபூபோன்', 'ஆஃப்ரோசியாடியம்' போன்ற வேறு பேரினங்களுக்குப் போய்விட்டன. யார் போனாலும் நம்முடைய செடி மட்டும் போக முடியாது. பேரினத்தின் வகைச் சிற்றினம் இதுதான், அதாவது பியூசெடானம் என்ற பெயர் கட்டப்பட்டிருக்கும் முளையே இந்தச் செடிதான். பேரினம் எவ்வளவு சுருங்கினாலும் பெயர் இதோடுதான் இருக்கும்.

ஐரோப்பாவின் மத்தியிலும் தெற்கிலும் இது பரவலாக இருந்தாலும், பிரிட்டனில் எசெக்ஸ், கென்ட் கடலோரங்களில்தான் பிழைத்திருக்கிறது. வால்டன் ஆன் தி நேஸ், ஹாம்ஃபோர்ட் வாட்டர், விட்ஸ்டபிள் பக்கத்து டேங்கர்டன் சரிவுகள், ஃபேவர்ஷாம். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில மூலிகை நூலாசிரியர் கல்பெப்பர், ஃபேவர்ஷாம் அருகே உப்புச் சதுப்புகளில் இது ஏராளம் என்று எழுதியிருக்கிறார். இந்தச் செடியை நம்பி ஓர் அந்துப்பூச்சியும் வாழ்கிறது. 'ஃபிஷர்ஸ் எஸ்சுவரைன்' என்ற அந்த அந்துப்பூச்சியின் புழு பிரிட்டனில் வேறு எதையும் உண்ணாது. தாய்ப்பூச்சி பக்கத்துப் புல்லில் முட்டையிடும். பொரிந்து வரும் புழு செடியின் தண்டைத் துளைத்து வேருக்குள் இறங்கும். டயோஸ்கோரிடிஸ் மூக்கில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்ன அதே வேர்! கடல்மட்டம் ஏறிக் கரையோர இடங்கள் மூழ்கும் ஆபத்து இருப்பதால், உள்நாட்டில் மேடான இடங்களில் இந்தச் செடியை நட்டு வளர்த்து வருகிறார்கள்.

இப்போது தமிழ்ப் பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஹாக்' என்று ஒட்டியது பன்றிக்காக அல்ல. சாயலில் ஒன்றுபோல இருந்து, குணத்தில் அதுவாக இல்லாத செடிக்கு அவர்கள் நாய், குதிரை, மாடு, பன்றி என்று விலங்குப் பெயரை முன்னால் போடுவார்கள். நமக்கும் அந்த வழக்கம் நிறையவே உண்டு: நாய்த்துளசி, நரிவெங்காயம், ஆனைநெருஞ்சி. இவற்றில் ஆனை பெரும்பாலும் அளவைக் குறிக்கும். நாயும் நரியும் 'அதுபோல, ஆனால் அதில்லை' என்று சொல்லும். இன்னும் ஒரு முன்னொட்டு இருக்கிறது, விலங்கு அல்ல, பேய்! பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு. மூன்றும் தோட்டத்துக் காயின் சாயலில் காட்டில் விளைபவை, மூன்றும் வாயில் வைக்க முடியாத கசப்பு. பட்டினத்தார் கதையில் கையிலிருந்த பேய்க்கரும்பு இனித்தது அதிசயம் என்றால், பேய்க்கரும்பு கசக்கும் என்பது கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான்.

காட்டில் வளர்வது, சோம்பின் சாயல், கசப்பு. மூன்றையும் ஒரே சொல்லில் தருவது பேய்ச்சோம்பு. கிரேக்கப் பெயரில் இருக்கும் கசப்பும் ஆங்கிலப் பெயரில் இருக்கும் போலியும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. காட்டுச்சோம்பு என்று வைக்கலாமே என்றால், உண்மையான சோம்பே சில இடங்களில் காட்டுச்செடியாக வளர்கிறது, அந்தப் பெயர் அதற்குத்தான் உரியது. கந்தகப்பூண்டு என்றால் வெள்ளைப்பூண்டு நினைவுக்கு வந்துவிடும். ஆக, பொதுப்பெயர் பேய்ச்சோம்பு. அறிவியல் பெயரை மொழிபெயர்க்காமல் பியூசெடானம் அஃபிசினாலே என்று ஒலிபெயர்த்தே எழுத வேண்டும்.

அறிவியல் பெயரை ஏன் தொடக் கூடாது என்பதற்கு இதே பேரினத்தில் நமக்கு நெருக்கமான ஒரு சான்று இருக்கிறது. 1879-இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் சி. பி. கிளார்க் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி ஒன்றுக்கு 'பியூசெடானம் அனமல்லாயென்சே' என்று பெயரிட்டார். லத்தீனில் '-என்சே' என்றால் அந்த இடத்தைச் சேர்ந்தது. அதை எடுத்துவிட்டு மிச்சத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ஆனைமலை. நாளைக்கே ஆய்வாளர்கள் இதை வேறு பேரினத்துக்கு மாற்றினாலும் முதல் சொல்தான் மாறும். புதிய பேரினப் பெயர் பெண்பாலாக இருந்தால் கடைசி எழுத்து மட்டும் மாறி 'அனமல்லாயென்சிஸ்' ஆகும்.