இரண்டாம் முறை மட்டும் வரும் பிழை

ஒரு பள்ளியில் கட்டண பாக்கி உள்ள 300 பேருக்குக் கடிதம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயரும் தொகையும் ஆக்சஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கடித மாதிரி வேர்டில் இருக்கிறது. ஆக்சஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேர்டு திறந்து, கடிதங்களை நிரப்பிச் சேமித்துவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு, மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குள்ளேயே வரும் விபிஏ மொழியில் நிரல் எழுதியாயிற்று. முதல் முறை அழகாக ஓடுகிறது. அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் பிழை எண் 462 வருகிறது: தொலைவிலுள்ள சேவையகக் கணினி இல்லை, அல்லது கிடைக்கவில்லை. ஆக்சஸை மூடித் திறந்தால் மீண்டும் ஒரே ஒரு முறை ஓடும்.

இத்தனைக்கும் தொலைவில் எந்தக் கணினியும் இல்லை. எல்லாம் ஒரே மேசையில்தான் இருக்கிறது. இந்த இரண்டு நிரல்களும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை இந்தப் பிழையைப் போலக் கற்றுத்தருவது வேறில்லை என்பது என் எண்ணம்.

விண்டோஸில் ஆக்சஸும் வேர்டும் இரண்டு தனித்தனிச் செயல்முறைகள். ஒன்றின் நினைவகத்தில் மற்றது கை வைக்க முடியாது. 1993இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த 'காம்' என்னும் ஏற்பாடு நடுவில் நின்று தூது போகிறது. நம் நிரல் கிரியேட்ஆப்ஜெக்ட் என்று அழைத்தால், விண்டோஸ் தன் பதிவேட்டில் வேர்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை எழுப்பி, அதைச் சுட்டும் முகவரியை நம் மாறியில் (நிரல் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) வைக்கிறது. அதற்குப் பிறகு நாம் தரும் கட்டளை ஒவ்வொன்றும் அந்த முகவரிக்குப் போகும் கடிதம். வேறொரு செயல்முறை என்றாலே காமுக்கு அது தொலைவுதான்.

முகவரி எழுதாமல் ஒரு கடிதத்தைப் போட்டால் என்ன ஆகும்? 462 அங்கேதான் பிறக்கிறது. பலரும் வேர்டில் ஒரு மேக்ரோவை (நாம் செய்யும் வேலையை வேர்டே நிரல் வரிகளாக எழுதித் தருவது) பதிவுசெய்து, அந்த வரிகளை அப்படியே ஆக்சஸுக்குள் ஒட்டுகிறார்கள். அதில் 'ஆக்டிவ்டாக்குமென்ட்', 'செலக்‌ஷன்' என்னும் சொற்கள் (இப்போதைய ஆவணம், அதில் தேர்ந்தெடுத்த இடம்) தனியாக நிற்கும். வேர்டுக்குள் அவை சரியே. தன் வீட்டுக்குள் பேசுவதற்கு முகவரி எதற்கு? ஆக்சஸிலிருந்து சொல்லும்போது, எந்த வேர்டின் செலக்‌ஷன் என்று தெரியாமல், விபிஏ தானாகவே ஒரு மறைமுகச் சுட்டை உருவாக்கிக்கொள்கிறது. நாம் உருவாக்கிய மாறியை நாம் விடுவிக்கலாம். நமக்குத் தெரியாமல் உருவான இந்தச் சுட்டு ஆக்சஸ் மூடும்வரை கிடக்கும். இரண்டாம் முறை புதிய வேர்டு வந்து நின்றாலும், முகவரியில்லாத அந்த வரி, மூடிப்போன பழைய வேர்டின் கதவையே தட்டுகிறது.

தீர்வு எளிது: ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் நம் வேர்டு மாறியின் பெயரையும் ஒரு புள்ளியையும் சேர்க்க வேண்டும். தேடுவதுதான் கடினம். அங்குலத்தைப் 'பாயின்ட்' என்னும் அச்சு அளவாக மாற்றும் 'இன்ச்சஸ்டுபாயின்ட்ஸ்' கூட வேர்டின் சொத்து. அது ஒரு கணக்கின் நடுவில் ஒளிந்திருந்தால் கண்ணில் படாது. நான் நம்பும் வழி இது: நிரல் பயன்படுத்தும் நூலகங்களைக் காட்டும் ரெஃபரன்ஸ் பட்டியலில் வேர்டு நூலகத்துக்கு நேரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள்; வேர்டு மாறிகளையெல்லாம் 'ஆப்ஜெக்ட்' என்று அறிவியுங்கள்; நிரலின் தலையில் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' (அறிவிக்காத மாறியை ஏற்காதே என்னும் வரி) இருக்கட்டும். இப்போது கம்பைல் செய்தால், முகவரியில்லாத ஒவ்வொரு சொல்லையும் 'அறிவிக்கப்படாத மாறி' என்றோ 'வரையறுக்கப்படாத செயற்கூறு' என்றோ கம்பைலரே பிடித்துக்கொடுக்கும்.

இதே மாற்றம் இன்னொரு தொல்லையையும் தீர்க்கிறது. ஆஃபீஸ் 2016இல் உருவாக்கிய கோப்பில் வேர்டு நூலகத்தின் 16ஆம் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கும். 2010 உள்ள கணினியில் 14ஆம் பதிப்பே இருப்பதால், அங்கே நூலகம் காணவில்லை என்று வரும். அப்போது வேர்டோடு தொடர்பே இல்லாத, இன்றைய தேதியைத் தரும் வரிகூட நின்றுவிடும்.

ஆனால் நூலகத்தை விட்டால் அதன் மாறிலிகளும் (மாறாத எண்களுக்கு வைத்த பெயர்கள்) போய்விடும். பிடிஎஃப் ஆகச் சேமிக்கச் சொல்லும் மாறிலியின் மதிப்பு 17; அதை நாமே எழுத வேண்டும். ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் இல்லாத நிரலில் அந்தப் பெயர் வெறும் வெற்று மாறி. அதன் மதிப்பு 0. வேர்டுக்கு 0 என்றால் பழைய டாக் வடிவம். பிழை எதுவும் வராது. பிடிஎஃப் என்று பெயரிட்ட, ஆனால் எந்தப் பிடிஎஃப் நிரலிலும் திறக்காத கோப்பு வரும். சத்தமில்லாத இந்தப் பிழைக்கு 462 எவ்வளவோ மேல்.

பிழையும் வராமல் ஆக்சஸ் அசையாமல் நின்றால், வேர்டு எங்கோ ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். திரையில் காட்டாமல் இயக்கும் வேர்டு, 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்டால் யார் பதில் சொல்வது? சோதிக்கும் காலம் முழுவதும் வேர்டைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருங்கள். டாஸ்க் மேனேஜரையும் பாருங்கள். நேற்று பாதியில் நின்ற வேர்டு இன்றும் கோப்பைப் பூட்டி வைத்திருக்கலாம்.

5941 என்னும் பிழை எண், கேட்ட உறுப்பு தொகுப்பில் இல்லை என்கிறது. பெரும்பாலும் புக்மார்க்கின் (ஆவணத்தில் ஓர் இடத்துக்கு வைத்த பெயர்க்குறி) வேலை அது. புக்மார்க் சூழ்ந்திருக்கும் சொல்லுக்குப் பதில் வேறு சொல்லை வைத்தால், புக்மார்க்கும் சேர்ந்தே அழிகிறது. அதே ஆவணத்தை மறுபடி நிரப்ப வேண்டுமானால், புதிய சொல்லைச் சுற்றி அதை மீண்டும் இட வேண்டும்.

தமிழில் கடிதம் அனுப்புவோருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலும் உண்டு. விபிஏ எழுதும் சாளரம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டு அட்டவணைகளை நம்பியிருக்கிறது. அந்தச் சாளரம் பயன்படுத்தக்கூடிய அட்டவணை விண்டோஸில் தமிழுக்கு இல்லை. அதனால் நிரலுக்குள் தமிழை நேராக எழுதினால் கேள்விக்குறிகளாகிவிடும். வாசகங்களை ஆக்சஸ் அட்டவணை ஒன்றில் வைத்து அங்கிருந்து எடுங்கள். எடுத்ததைச் சரிபார்க்க விபிஏவின் உடனடிச் சாளரத்தில் (இம்மீடியட் விண்டோ) அச்சிட்டுப் பார்த்தால், அங்கும் கேள்விக்குறிகளே தெரியும். கலங்க வேண்டாம், வேர்டு ஆவணத்தைத் திறந்து பாருங்கள், தமிழ் அங்கே முழுதாக இருக்கும்.