அரசுப் பணத்தில் எழுதிய மென்பொருள் யாருக்குச் சொந்தம்? 2015 கொள்கையும் அதைக் கோட்டைவிடும் இடங்களும்

விண்ணப்பத் திரையில் ஒரு கிராமத்தின் பெயரில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் 'ல' இருக்கிறது. திருத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் அலுவலகத்தில் யாரும் தொட முடியாது. மென்பொருளை எழுதிய நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதன் சோர்ஸ் கோடு, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூல நிரல், அவர்களிடம் இருக்கிறது, புதிய பணி ஆணை இல்லாமல் அவர்கள் வர மாட்டார்கள். தப்பான பெயரோடு சான்றிதழ் வாங்கிப் போனவர் திரும்பி வந்து திட்டுவது கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் உதவியாளரை. பக்கத்துத் துறையோ இதே வேலைக்கு இதே மாதிரி மென்பொருளை மறுபடி காசு கொடுத்து எழுதிக்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்க மத்திய அரசு 2015-இல் இரண்டு கொள்கைகளைக் கொண்டுவந்தது. ஒன்று, மின்னாளுமைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு (நிரலை யாரும் பார்க்க, மாற்ற, பகிர உரிமம் உள்ளது) முன்னுரிமை தருவது. இன்னொன்று, அரசு எழுதிய மென்பொருளின் நிரலைத் திறந்து வைத்து, துறைகள் ஒன்றாகச் சேர்ந்து வளர்ப்பது. அதற்கான பொதுக் களஞ்சியம்தான் ஓபன்ஃபோர்ஜ். நிரலை எல்லோரும் பார்க்கும்படியும் வைக்கலாம், அரசு வட்டத்துக்குள் மட்டும் பகிரவும் செய்யலாம். பின்னணி இவ்வளவு போதும்.

முதல் பொறி: இது மத்திய அரசு நிறுவனங்களுக்கானது. மாநிலம் தானாக ஏற்றுக்கொண்டால்தான் மாநிலத் துறைகளுக்குப் பொருந்தும். மாநில அலுவலகத்தில் போய் "2015 கொள்கைப்படி" என்று மனு எழுதினால், "எங்களுக்குப் பொருந்தாது" என்ற ஒரு வரியோடு கோப்பை மூடிவிடுவார்கள். அங்கே உங்கள் மாநிலத்தின் அரசாணையையோ அந்த டெண்டரின் நிபந்தனையையோதான் பிடிக்க வேண்டும். இரண்டாவது, புதிதாக வரும் மென்பொருளுக்கும் பழையவற்றின் புதிய பதிப்புக்கும்தான் இது. ஓடிக்கொண்டிருப்பதை நாளைக்கே மாற்று என்று யாரும் கேட்க முடியாது.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. சிறப்புத் துறைக்கு ஏற்ற திறந்த மூல மென்பொருள் கிடைக்காவிட்டால், அவசரம் என்றால், தெரிந்த ஆட்கள் இல்லையென்றால் விலக்கு எடுக்கலாம். "ஆட்கள் இல்லை" என்று எழுதுவதைவிட எளிதான வேலை அரசு அலுவலகத்தில் எது? ஆனால் விலக்குக்குப் போதிய காரணம் காட்ட வேண்டும் என்பதும் அதே கொள்கையில்தான் இருக்கிறது. பெரும்பாலும் கோப்பில் அந்தக் காரணத்தை எழுதிய தாளே இருக்காது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டெண்டர் போடும் சிறு நிறுவனங்களுக்கு

ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் "திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும், தவிர்த்தால் காரணம் சொல்ல வேண்டும்" என்ற நிபந்தனை கட்டாயம் இருக்க வேண்டும். திறன், கட்டுப்பாடு யார் கையில், விரிவாக்கம், பாதுகாப்பு, மொத்த ஆயுள் செலவு, பராமரிப்பு ஆகிய ஆறையும் ஒப்பிட்டுத்தான் துறை முடிவெடுக்க வேண்டும். முதல் ஆண்டு விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது கொள்கைக்கு எதிரானது.

உங்களை வெளியே தள்ளும் நிபந்தனைகள் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். "மூலத் தயாரிப்பாளரின் அங்கீகாரக் கடிதம் இணைக்க வேண்டும்" என்று இருக்கும். போஸ்ட்கிரெஸ்குவல் என்ற திறந்த மூல டேட்டாபேஸ் மென்பொருளுக்குத் தனி முதலாளி கிடையாது, கடிதத்துக்கு யாரிடம் போவது? தொழில்நுட்பப் பிரிவில் தயாரிப்பின் பெயரையே எழுதி, பக்கத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று ஒட்டியிருப்பார்கள். எது இணை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். டெண்டர் திறந்த பிறகு இதைப் பேசிப் பயனில்லை. விலைப்புள்ளி தருவதற்கு முந்தைய (ப்ரீ-பிட்) கூட்டத்துக்கான கேள்விகளைக் கடைசித் தேதிக்குள், அவர்கள் கேட்கும் அட்டவணையிலேயே அனுப்புங்கள்: பக்க எண், பிரிவு எண், அங்குள்ள வாசகம், நீங்கள் கேட்கும் மாற்றம். "அங்கீகாரக் கடிதத்துக்குப் பதிலாக, இந்த மென்பொருளுக்குப் பராமரிப்பு தரும் நிறுவனத்தின் ஒப்பந்தக் கடிதம் ஏற்கப்படுமா?" என்று மாற்று வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். புலம்பலாக எழுதினால் "டெண்டரில் உள்ளபடி" என்று இரண்டு சொல்லில் பதில் வரும். திருத்த அறிவிப்பு வெளியாகும் வரை எந்த வாய்மொழி உறுதியையும் நம்பாதீர்கள்.

துறை அலுவலர்களுக்கு: பணம் போவதற்கு முன்

நிரல் யாருடையது என்பதைக் கொள்கை முடிவு செய்வதில்லை, ஒப்பந்தம் முடிவு செய்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(டி)-இன்படி அரசின் உத்தரவிலோ கட்டுப்பாட்டிலோ உருவான படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அரசே முதல் உரிமையாளர். சட்டப்படி அமைந்த கழகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் 17(டிடி). இதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். நிறுவனம் நீட்டும் மாதிரி ஒப்பந்தத்தில் "அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்ததாரரிடமே இருக்கும்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். நீங்கள் கையெழுத்திட்டால் அதுதான் அந்த "வேறு ஒப்பந்தம்".

உரிமையை எழுதி வாங்கினாலும் பாதியில் நிற்கிறது. பிரிவு 19-இன்படி உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஆறாவது ஆண்டில் இன்னொரு மாநிலத்துக்கு நிரலைக் கொடுக்கப் போனால் உங்களிடம் உரிமை இருக்காது. "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், பிறருக்குத் திறந்த உரிமத்தில் வழங்கும் உரிமையோடு" என்று எழுதி வாங்குங்கள். நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்த பொது நிரல்களுக்குத் தனிப் பட்டியல் கேளுங்கள். பட்டியல் தராமல் "எங்கள் பழைய கட்டமைப்பு" என்று சொன்னால், பின்னால் எல்லாமே பழைய கட்டமைப்பாகிவிடும்.

அடுத்தது ஒப்படைப்பு. "சோர்ஸ் கோடு பெறப்பட்டது" என்று பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், பீரோவில் ஒரு சிடி இருக்கும். போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது கம்பைல் செய்த ஜார் கோப்பு, அதாவது ஓட்டலாம், திருத்த முடியாது. அல்லது நிரல் இருக்கும், ஓடாது. தேவையான லைப்ரரிகள் (துணை நிரல் தொகுப்புகள்) நிறுவனத்தின் உள் சர்வரில் இருக்கும், டேட்டாபேஸ் அமைப்பு எங்குமே இருக்காது. சோதிக்க ஒரே வழிதான்: எதுவும் நிறுவாத புதுக் கணினியில், அந்த நிறுவனத்தைச் சேராத ஒருவர், கொடுத்த குறிப்பை மட்டும் வைத்து மென்பொருளைக் கட்டி ஓடவிட வேண்டும். ஓடாமல் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள். அதற்குப் பிறகு உங்கள் தொலைபேசியை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கோப்புகளோடு கிட் வரலாறு (நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) முழுவதையும் கேளுங்கள். கைபேசிச் செயலி என்றால் கையொப்பச் சாவியும் (செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் சாவி) பிளே ஸ்டோர் கணக்கும் துறையின் பெயரில் இருக்க வேண்டும். சாவி போனால் அதே செயலியைப் புதுப்பிப்பது பெரும்பாடு, மக்கள் பழையதை அழித்துவிட்டுப் புதியதை நிறுவ நேரிடும். டொமைன் பெயர், எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயருக்காகத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவு இரண்டும் யார் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள். நிரல் கையில் இருந்தும் ஓடிபி போகாமல் நிற்பது இதனால்தான்.

நிரலைத் திறக்கும்போது நடக்கும் பெரிய விபத்து பாஸ்வேர்டு. கோப்பிலிருந்து அழித்துவிட்டுப் பதிவேற்றுகிறார்கள். கிட் வரலாற்றின் பழைய பதிவில் (கமிட்) அது அப்படியே இருக்கும், வரலாற்றைப் புரட்டத் தெரிந்த எவருக்கும் கிடைக்கும். வரலாறு முழுவதையும் கருவி வைத்துத் தேடுங்கள். கிடைத்த பாஸ்வேர்டுகளை அழிப்பதோடு நிற்காமல், சர்வரில் மாற்றிவிடுங்கள். சோதனைத் தரவு என்ற பெயரில் உண்மையான பயனாளிகளின் ஆதார் எண்கள் உள்ளே கிடக்கிறதா என்றும் தேடுங்கள்.

உரிமக் கோப்பு இல்லாமல் நிரலை வெளியிட்டால் அது திறந்த மூலம் ஆகாது. பார்க்கலாம், பயன்படுத்த அனுமதி இல்லை. இன்னொரு துறையின் சட்டப் பிரிவு இந்த ஒன்றைக் காட்டியே மறுத்துவிடும். வெளியிட்ட பிறகு ஓடும் பதிப்பும் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கொரோனா காலத்து அரசுச் செயலியான ஆரோக்கிய சேதுவின் ஆண்ட்ராய்டு நிரல் 2020 மே மாதம் வெளியானது, சர்வர் பக்கத்து நிரல் வர நவம்பர் ஆனது.

வாங்கிப் பயன்படுத்தும் துறை செய்யும் தவறு வேறு. நகலெடுத்து, நிரலுக்குள்ளேயே மாவட்டப் பெயர்களையும் தமிழ் வாசகங்களையும் எழுதி மாற்றிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மூலத்தில் பாதுகாப்புத் திருத்தம் வரும், இவர்கள் நகலில் அது பொருந்தாது. ஊர்ப் பெயர், கட்டணம், படிவ வாசகம் எல்லாம் அமைப்புக் கோப்பிலும் மொழிக் கோப்பிலும் இருக்கட்டும். நிரலில் செய்யும் திருத்தத்தை மூலத்துக்கே திருப்பி அனுப்புங்கள். பெங்களூரு ஐஐஐடியில் பிறந்த மோசிப் என்ற திறந்த மூல அடையாள மென்பொருளை (நாடுகள் குடிமக்களுக்கு அடையாள எண் தர உதவுவது) இன்று பிலிப்பைன்ஸ் வரை எடுத்துச் சென்றிருப்பது, நாட்டுக்கு நாடு மாறும் விஷயங்களை மையத்திலிருந்து பிரித்து வைத்ததால்தான்.

கேட்கும் குடிமக்களுக்கு

தகவல் அறியும் உரிமை மனுவில் எடுத்தவுடன் "சோர்ஸ் கோடு தாருங்கள்" என்று எழுதாதீர்கள். பிரிவு 8(1)(டி), வணிக ரகசியம் என்று திருப்பிவிடுவார்கள். "ஏன் திறந்த மூலம் பயன்படுத்தவில்லை?" என்றும் கேட்காதீர்கள், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்பார்கள். ஆவணங்களைக் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துரிமை பற்றிய பக்கங்களின் நகல், நிரல் ஒப்படைப்புச் சான்றின் நகல், திறந்த மூலத்தைத் தவிர்த்ததற்கான கோப்புக் குறிப்பின் நகல். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டது என்று நிறுவனத்திடம் கருத்துக் கேட்டால் 40 நாள் வரை போகும். நிறுவனம் மறுத்தாலே முடிந்தது என்று இல்லை, முடிவெடுக்க வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர்.

"அப்படி ஒரு குறிப்பு இல்லை" என்று பதில் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். விலக்குக்கு எழுத்தில் காரணம் இல்லை என்று துறையே ஒப்புக்கொண்ட தாள் அது. நிரலைக் கேட்கும் இரண்டாவது மனுவை அதற்குப் பிறகு போடுங்கள். பிரிவு 9-ஐக் காட்டி மறுக்கலாம். அந்தப் பிரிவு அரசு அல்லாதவரின் பதிப்புரிமைக்கு மட்டும்தான், நிரல் அரசுக்கே சொந்தம் என்றால் பொருந்தாது. முதலில் வாங்கிய ஒப்பந்தப் பக்கத்தை முதல் மேல்முறையீட்டோடு இணையுங்கள். அதைப் போடக் கெடு 30 நாள், தகவல் ஆணையத்துக்குப் போகும் இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள். தபால் உறையைத் தேதி முத்திரையோடு எடுத்து வையுங்கள், கெடு எண்ணுவதில் தகராறு வரும்.